புரதத்துக்கு வரைபடம் தந்த மேதை!

குழந்தைகளே! ஜவ்வாது மலைக்குப் போயிருக்கிறீர்களா? திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அழகான மலைத்தொடர் அது. சாமைக்கும் தேனுக்கும் பெயர் பெற்றது. அங்கே காவலூர் என்ற ஊரில் ஒரு பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அதன் ஆடி 2.34 மீட்டர் அகலம். 1986-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அந்தத் தொலைநோக்கிக்கு, வைணு பாப்பு என்ற வானியல் அறிஞரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். கோடானு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விண்மீன்களை அது எட்டிப் பார்க்கிறது.

அதே மலையில் ஒரு வீட்டுத் திண்ணையில், உங்கள் வயதுச் சிறுமி ஒருத்தி சாமைச் சோறு சாப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாய்ச் சோற்றை உடனே விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் சோறு லேசாக இனிக்கத் தொடங்குகிறது! யாரும் சர்க்கரை போடவில்லையே, இனிப்பு எங்கிருந்து வந்தது?

அவளுடைய எச்சிலில் அமைலேஸ் என்ற ஒரு பொருள் இருக்கிறது. சோற்றில் இருக்கும் மாவுச்சத்தை அது துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக மாற்றுகிறது. இப்படி உடம்புக்குள் வேலை செய்யும் பொருள்களுக்கு நொதிகள் என்று பெயர். என்சைம் என்றும் சொல்வார்கள்.

விண்மீனைப் பார்க்கத் தொலைநோக்கி இருக்கிறது. எச்சிலில் இருக்கும் இந்தக் குட்டிக் கத்தரிக்கோலைப் பார்க்க என்ன இருக்கிறது? சாதாரண நுண்ணோக்கியில் இதன் உருவம் தெரியவே தெரியாது. அவ்வளவு சிறியது! கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு வழிகாட்டிய உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஒருவர் சென்னையில் இருந்தார். அவர்தான் ஜி.என்.ராமச்சந்திரன்.

பூட்டும் சாவியும்

அவருடைய கதைக்குள் போவதற்கு முன்னால், நொதி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் வீட்டுக் கதவில் பூட்டு தொங்குகிறது. பக்கத்து வீட்டுச் சாவியைப் போட்டால் திறக்குமா? திறக்காது. சாவியின் பற்களும் பூட்டின் உள்ளே இருக்கும் பள்ளமும் பொருந்த வேண்டும். நொதியும் அப்படித்தான். அதன் உடம்பில் ஓர் இடத்தில் குழி ஒன்று இருக்கும். அந்தக் குழிக்குப் பொருத்தமான மூலக்கூறு வந்து உட்கார்ந்தால்தான் வெட்டும் வேலையோ, ஒட்டும் வேலையோ நடக்கும். எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வேதியியல் அறிஞர் 1894-ஆம் ஆண்டிலேயே இந்தப் பூட்டு-சாவி உவமையைச் சொல்லிவிட்டார்.

நோய்க்கிருமிகளுக்கும் நொதிகள் உண்டு. அந்த நொதியின் குழிக்குள் ஒரு போலிச் சாவியைச் செருகி விட்டால்? சாவி துவாரத்தில் ஈர்க்குச்சி மாட்டிக்கொண்டால் உண்மையான சாவியை நுழைக்க முடியாது அல்லவா? அதேபோல் கிருமியின் நொதியும் செயலிழந்துவிடும். நாம் சாப்பிடும் மாத்திரைகளில் பல இந்த வேலையைத்தான் செய்கின்றன.

ஆனால், போலிச் சாவி செய்ய வேண்டும் என்றால் பூட்டின் உருவம் தெரிய வேண்டுமே! நொதிகளில் பெரும்பாலானவை புரதங்கள். புரதம் என்பது நீளமான சங்கிலி. அதில் 20 வகை அமினோ அமிலங்கள் மணிகளைப் போலக் கோத்து இருக்கும். அந்தச் சங்கிலி பல இடங்களில் மடங்கிச் சுருண்டு ஓர் உருவத்துக்கு வரும்போதுதான் அந்தக் குழி உண்டாகிறது. ஒரு சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம்? எப்படி மடங்கவே முடியாது? இந்தக் கேள்விக்குத்தான் ராமச்சந்திரன் விடை கண்டார்.

கணக்குப் பேராசிரியரின் மகன்

ராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயருக்கு முன்னால் இருக்கும் 'ஜி' என்ற எழுத்து கோபாலசமுத்திரத்தைக் குறிக்கும். அது திருநெல்வேலிச் சீமையில் இருக்கும் ஊர். 'என்' என்பது தந்தை நாராயண ஐயரைக் குறிக்கும். நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். தாயார் லட்சுமி அம்மாள். கணக்கு மீது மகனுக்கு ஆசை வந்தது தந்தையிடம் இருந்துதான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ராமச்சந்திரன் திருச்சிக்கு வந்தார். அங்கே செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து, 1942-ஆம் ஆண்டு முதலிடம் பெற்றுத் தேறினார்.

பிறகு பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். எந்தத் துறையில் தெரியுமா? மின் பொறியியலில்! அப்போது அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் சர் சி.வி.ராமன். 1930-ஆம் ஆண்டு நோபல் பரிசு வாங்கியவர். இந்த மாணவரின் கூர்மையான அறிவு ராமனின் கண்ணில் பட்டுவிட்டது. இப்படிப்பட்ட பையன் மின் பொறியியலில் இருக்கக் கூடாது என்று சொல்லி, அவரைத் தம்முடைய துறைக்கே இழுத்துக்கொண்டார்.

ராமனிடம் அவர் படிகங்களைப் பற்றி ஆராய்ந்தார். கல்கண்டு, உப்பு, வைரம் எல்லாமே படிகங்கள்தான். அவற்றின் உள்ளே அணுக்கள் அணிவகுத்து நிற்கும். படிகத்தின் வழியாக எக்ஸ் கதிரைச் செலுத்தினால், மறுபக்கத்தில் இருக்கும் படச்சுருளில் புள்ளி புள்ளியாகக் கோலம் விழும். அந்தக் கோலத்தை வைத்துக் கணக்குப் போட்டால், உள்ளே அணுக்கள் எப்படி நிற்கின்றன என்று சொல்லிவிடலாம். கணக்குப் பிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்!

1947-ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்துக்குப் போய், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார். 1949-ஆம் ஆண்டு டாக்டர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார்.

சென்னைக்கு வந்த இளைஞர்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அப்போது இருந்தவர் டாக்டர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறை ஒன்றைத் தொடங்க நினைத்த அவர், அதை நடத்த வருமாறு முதலில் சி.வி.ராமனைத்தான் அழைத்தார். ராமனால் பெங்களூருவை விட்டு வர முடியவில்லை. தமக்குப் பதிலாக ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னார். இப்படித்தான் 1952-ஆம் ஆண்டு, சுமார் 30 வயதிலேயே ராமச்சந்திரன் ஒரு துறைக்குத் தலைவரானார்!

அதே ஆண்டில் ஜே.டி.பெர்னல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். என்ன ஆராயலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த ராமச்சந்திரன் அவரிடம் பேசினார். கொலாஜன் என்ற புரதத்தின் உருவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பெர்னல் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டார் ராமச்சந்திரன்.

கொலாஜன் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? உங்கள் தோலில், எலும்பில், தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாணில்! நம் உடம்பில் மற்ற எல்லாப் புரதங்களையும்விட அதிகமாக இருப்பது இதுதான். தோல் பதனிடும் தொழிலுக்கும் இதுவே மூலப்பொருள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே, அடையாற்றில், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது ரொம்பவும் வசதியாகப் போய்விட்டது.

கங்காரு வாலும் மூன்று கால் சடையும்

அந்த நிறுவனத்தில் இருந்து வந்தது ஒரு வேடிக்கையான பொருள். கங்காருவின் வாலில் உள்ள தசைநாண்! அதில் கொலாஜன் சுத்தமாகவும் சீராகவும் இருக்கும். கோபிநாத் கர்த்தா என்ற இளம் விஞ்ஞானியோடு சேர்ந்து, ராமச்சந்திரன் அதை எக்ஸ் கதிரால் படம் எடுத்தார்.

கொலாஜனைப் பற்றி ஒரு விசித்திரமான செய்தி ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதில் இருக்கும் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். அதாவது, இருப்பதிலேயே மிகச் சிறிய மணி. ஏன் சரியாக மூன்றில் ஒன்று?

சடை பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று கால்களை எடுத்து மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். கொலாஜனிலும் மூன்று சங்கிலிகள் சேர்ந்து முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று ராமச்சந்திரனும் கர்த்தாவும் கருதினார்கள். மூன்றும் நெருங்கும் நடுப்பகுதியில் இடம் மிகவும் குறைவு. பெரிய மணி அங்கே நுழையாது. சின்னஞ்சிறு கிளைசின் மட்டுமே நுழையும். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது மணிதோறும் நடுப்பகுதியைத் தொடுகிறது. அதனால்தான் மூன்றில் ஒன்று கிளைசின்! எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பார்த்தீர்களா?

1954-ஆம் ஆண்டு 'நேச்சர்' என்ற உலகப் புகழ் பெற்ற அறிவியல் இதழில் இந்தக் கண்டுபிடிப்பு வெளிவந்தது. மறு ஆண்டில் அதை இன்னும் திருத்தினார்கள். மூன்று சங்கிலிகளும் தனித்தனியாகச் சுருள்வதோடு, கயிறு திரிப்பதுபோல ஒன்றை ஒன்று சுற்றியும் முறுக்கிக்கொள்கின்றன என்று காட்டினார்கள். இதை முச்சுருள் என்று சொல்வார்கள்.

வந்தது ஓர் அடி

எல்லோரும் பாராட்டினார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை!

1955-ஆம் ஆண்டு அலெக்ஸாண்டர் ரிச், ஃபிரான்சிஸ் கிரிக் என்ற இருவர் கேம்பிரிட்ஜில் இருந்து ஒரு மறுப்பு எழுதினார்கள். கிரிக் யார் தெரியுமா? ஜேம்ஸ் வாட்சனோடு சேர்ந்து 1953-ஆம் ஆண்டு டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்டுபிடித்தவர். மூன்று சங்கிலிகள் என்பதை அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால், ராமச்சந்திரனின் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிகவும் நெருங்கி இருக்கின்றன, அந்த அளவுக்கு அணுக்கள் நெருங்க முடியாது என்றார்கள். சங்கிலிகளைப் பிடித்து வைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பும் மூன்று மணிக்கு இரண்டு அல்ல, ஒன்றுதான் என்றார்கள்.

உலகமே அண்ணாந்து பார்க்கும் ஆய்வகத்தில் இருந்து வந்த மறுப்பு அது. இங்கே ராமச்சந்திரனிடம் இருந்ததோ, தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆன துறை. வேறொருவராக இருந்தால் கோபப்பட்டிருப்பார், அல்லது அந்த ஆராய்ச்சியையே விட்டிருப்பார்.

ராமச்சந்திரன் ஒரு கேள்வி கேட்டார். அணுக்கள் மிகவும் நெருங்கிவிட்டன என்றால், உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அந்த எல்லையை யாராவது அளந்து வைத்திருக்கிறார்களா?

புரதங்களுக்கு அப்படி ஒரு பட்டியல் யாரிடமும் இல்லை! எனவே, தாமே செய்துவிடுவது என்று முடிவு செய்தார். அதுவரை உருவம் தெரிந்த சிறு சிறு படிகங்களைப் பற்றிய கட்டுரைகளை எல்லாம் தேடிப் படித்தார்கள். ஒன்றோடு ஒன்று பிணையாத இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கி நிற்கின்றன என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். உதாரணமாக, இரண்டு கார்பன் அணுக்கள் என்றால் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சிப் போனால் 3 ஆங்ஸ்ட்ராம். அதற்கு மேல் நெருங்கினால் மோதிக்கொள்ளும். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு!

நீங்களும் செய்து பாருங்கள்

அடுத்து அவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ள, இரண்டு பழைய அழைப்பிதழ் அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய களிமண் உருண்டையும் இரண்டு ஈர்க்குச்சிகளும் வேண்டும். உருண்டையில் இரண்டு குச்சிகளையும் சாய்வாகச் செருகி, ஒவ்வொரு குச்சியின் மறு முனையிலும் ஓர் அட்டையின் மூலையை ஒட்டிவிடுங்கள்.

புரதச் சங்கிலி இப்படித்தான் இருக்கிறது. அட்டை வளையாது. தட்டையாகவே இருக்கும். ஆனால், உருண்டையின் இரண்டு பக்கமும் உள்ள அட்டைகளைக் குச்சியோடு சேர்த்துத் தனித்தனியாகத் திருப்பலாம். உருண்டைதான் நடுவில் இருக்கும் கார்பன் அணு. முதல் அட்டை திரும்பும் கோணத்துக்கு ஃபை என்றும், இரண்டாவது அட்டை திரும்பும் கோணத்துக்கு சை என்றும் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கிறார்கள். நீளமான சங்கிலியில் ஒவ்வொரு உருண்டைக்கும் இந்த இரண்டு கோணங்களைச் சொல்லிவிட்டால் போதும். முதுகெலும்பு போன்ற அதன் நடுச்சங்கிலியின் உருவம் தெரிந்துவிடும்!

இப்போது அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். சில நிலைகளில் தாராளமாகத் திரும்பும். சில நிலைகளில் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும். இடித்தால் அந்த நிலை நடக்காது என்று பொருள்.

ராமச்சந்திரனும் அவருடைய மாணவர்களான வி.சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் ஆகியோரும் இதைக் கணக்காகச் செய்தார்கள். ஒவ்வொரு கோணத்தையும் 10 டிகிரிக்கு ஒரு முறை திருப்பினால்கூட 36 பெருக்கல் 36, அதாவது 1,296 நிலைகள் வரும். ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வோர் அணுவுக்கும் மற்ற அணுக்களுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட வேண்டும். அந்தத் தூரம் பட்டியலில் உள்ள எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இன்றைக்கு ஒரு கைபேசி கண் இமைக்கும் நேரத்தில் இதை முடித்துவிடும். அவர்களிடம் இருந்ததோ மேஜை மேல் வைத்து இயக்கும் கணக்கு இயந்திரம் மட்டுமே. பொறுமையாகப் போட்டார்கள்.

ராமச்சந்திரன் வரைபடம்

விடைகளை ஒரு சதுரக் கட்டத் தாளில் குறித்தார்கள். கிடையாக ஃபை, செங்குத்தாக சை. இடிக்காத நிலைகள் எல்லாம் சில தீவுகளைப் போல ஒன்று சேர்ந்தன. தாளில் பெரும் பகுதி காலியாகக் கிடந்தது! கிளைசினைத் தவிர்த்த மற்ற அமினோ அமிலங்களுக்கு, நான்கில் மூன்று பங்குக்கு மேல் போகக் கூடாத இடம். கிளைசினுக்கு மட்டும் நிறைய இடம் இருந்தது. அது சிறியது அல்லவா?

1963-ஆம் ஆண்டு இந்தப் படம் வெளியானது. இதைத்தான் இன்று உலகம் முழுவதும் ராமச்சந்திரன் வரைபடம் என்று அழைக்கிறார்கள். கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கும் எந்த நாட்டு மாணவரும் இந்தப் பெயரைப் படிக்காமல் தாண்ட முடியாது.

அந்தச் சமயத்தில், அணு அணுவாக உருவம் தெரிந்த புரதம் தசையில் உள்ள மயோகுளோபின் போன்ற ஒன்றிரண்டுதான். 1965-ஆம் ஆண்டு லண்டனில் டேவிட் ஃபிலிப்ஸ் என்பவரின் குழு, முதன்முதலாக ஒரு நொதியின் முழு உருவத்தைக் கண்டுபிடித்தது. லைசோசைம் என்ற அந்த நொதி, நம் கண்ணீரிலும் முட்டையின் வெள்ளைக்கருவிலும் இருக்கிறது. பாக்டீரியாவின் சுவரை வெட்டும் நொதி அது. வெட்டும் குழியும் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்த நொதியை அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் உலகுக்கு அறிவித்தது 1922-இல். நம் ராமச்சந்திரன் பிறந்த அதே ஆண்டு!

அதன் பிறகு ஆயிரக்கணக்கில் புரதங்களின் உருவங்கள் வெளிவந்தன. அவற்றின் கோணங்களைக் குறித்துப் பார்த்தால், சென்னையில் கணக்குப் போட்டு வரைந்த அதே தீவுகளில்தான் பெரும்பாலும் வந்து விழுந்தன!

அப்படியானால் கொலாஜன் சண்டையில் ஜெயித்தது யார்? இரண்டு பேரும்தான். மூன்று சங்கிலி முறுக்கு என்ற ராமச்சந்திரனின் எண்ணம் நிலைத்துவிட்டது. ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான் என்று கிரிக்கும் ரிச்சும் சொன்னதும் பின்னாளில் உறுதியானது. ஆனால், அந்தச் சண்டை வராமல் இருந்திருந்தால் வரைபடம் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

கணினிக்குள் ஒரு சாவி

இப்போது பூட்டு-சாவிக்குத் திரும்புவோம்.

இன்று புது மருந்து தேடும் விஞ்ஞானிகள், சோதனைக் குழாயைக் கையில் எடுப்பதற்கு முன்பே பல நேரங்களில் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். நோய்க்கிருமியின் நொதியைத் திரையில் கொண்டு வருகிறார்கள். அதன் குழிக்குள் ஒரு மருந்து மூலக்கூறை வைக்கிறார்கள். கணினி அதைத் திருப்பித் திருப்பி, மடக்கி, நிமிர்த்தி எல்லா விதமாகவும் பொருத்திப் பார்க்கிறது. அணுக்கள் இடித்துக்கொண்டால் மதிப்பெண் குறையும். ஹைட்ரஜன் பிணைப்பு கிடைத்தால் மதிப்பெண் கூடும். இப்படி லட்சக்கணக்கான மூலக்கூறுகளுக்கு மதிப்பெண் போட்டு, நன்றாகப் பொருந்தும் சிலவற்றை மட்டும் எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பார்கள். கணினி நல்ல மதிப்பெண் கொடுத்தது எல்லாம் மருந்தாகிவிடாது. உடம்பில் வேலை செய்கிறதா, கெடுதல் செய்யாமல் இருக்கிறதா என்று பல ஆண்டுகள் பார்க்க வேண்டும்.

இரண்டு அணுக்கள் ஓர் எல்லைக்கு மேல் நெருங்கக் கூடாது என்பதுதானே இந்தக் கணக்கின் முதல் விதி? ராமச்சந்திரனின் குழு கையால் போட்ட கணக்கும் இதே விதியில் தொடங்கியதுதான்! 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இர்வின் குன்ட்ஸ் என்பவரின் குழு, நொதிக் குழிக்குள் மூலக்கூறைப் பொருத்திப் பார்க்கும் கணினி நிரலை உருவாக்கியது. அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் வரைபடம் தயாராகிவிட்டது.

இந்த வழியில் வந்த வெற்றி ஒன்றைச் சொல்லட்டுமா? எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியிடம் கத்தரிக்கோல் போன்ற ஒரு நொதி இருக்கிறது. நீளமான புரதத்தைத் துண்டுகளாக வெட்டினால்தான் புதிய கிருமி முழு வளர்ச்சி அடையும். 1989-ஆம் ஆண்டு அந்த நொதியின் உருவம் தெரிந்தது. அதன் குழிக்குப் பொருந்தும் மருந்துகளைத் திட்டமிட்டு உருவாக்கினார்கள். 1995-ஆம் ஆண்டில் இருந்து அவை வரத் தொடங்கின. மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, சாவின் விளிம்பில் இருந்த பலர் பிழைத்தார்கள். கொரோனா கிருமியின் இதே போன்ற ஒரு நொதியை அடைக்கும் மாத்திரையும் 2021-ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது.

பூட்டின் உருவம் தவறாக இருந்தால் சாவியும் தவறாகத்தான் இருக்கும். அதனால் ஒரு புரதத்தின் உருவத்தை யார் கண்டுபிடித்தாலும், அதை ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். போகக் கூடாத இடத்தில் நிறையப் புள்ளிகள் விழுந்தால், எங்கோ பிழை இருக்கிறது என்று தெரிந்துவிடும். புரதத்தின் உருவத்தைக் கணினியே கணித்துச் சொல்லும் முறைக்கு 2024-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அப்படிக் கணித்த உருவங்களையும் இதே வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்!

மருத்துவமனை ஸ்கேனிலும் அவர்

ராமச்சந்திரனின் கணக்கு இன்னோர் இடத்திலும் உதவுகிறது. சி.டி. ஸ்கேன் பார்த்திருக்கிறீர்களா? உடம்பைப் பல பக்கங்களில் இருந்து எக்ஸ் கதிரால் படம் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே இருப்பதைக் காட்டும் கருவி அது. நிழல்களை வைத்து உருவத்தை எப்படித் திரும்பக் கட்டுவது? 1971-ஆம் ஆண்டு ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, அதற்கு வேகமான, எளிய கணித முறை ஒன்றை அவர் வெளியிட்டார். ஸ்கேன் கணக்குகளைப் படிப்பவர்கள் இன்றும் இருவர் பெயரையும் சுருக்கி, ராம்-லாக் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள்.

அதே ஆண்டில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியலுக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். தாம் படித்த இடத்துக்கே தலைவராகத் திரும்பினார்! அவரிடம் படித்தவர்களும், அவர்களிடம் படித்தவர்களும் இன்றைக்கு நாடு முழுவதும் பரவியிருக்கிறார்கள்.

1961-ஆம் ஆண்டு சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது, 1977-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவி, 1999-ஆம் ஆண்டு உலகப் படிகவியல் அமைப்பின் எவால்ட் பரிசு என்று பல பெருமைகள் அவரைத் தேடி வந்தன. நோபல் பரிசு மட்டும் கிடைக்கவில்லை. அவருடைய வேலை அதற்குத் தகுதியானது என்று கருதும் விஞ்ஞானிகள் பலர் உண்டு.

கடைசி ஆண்டுகளில் நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. துணையாக இருந்த மனைவி ராஜலட்சுமி 1998-ஆம் ஆண்டு மறைந்தார். 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் ராமச்சந்திரன் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இப்போதும் இருக்கிறது. கங்காரு வால் வந்த அதே நிறுவனம்தான். அதன் அரங்கத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? டிரிப்பிள் ஹெலிக்ஸ். அதாவது, முச்சுருள்!

குழந்தைகளே, உங்கள் விடையில் யாராவது தப்புக் கண்டுபிடித்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? முகம் வாடும், கோபம் வரும், இல்லையா? அது இயல்புதான். ராமச்சந்திரனுக்கும் வருத்தம் இருந்திருக்கும். ஆனால், தப்பு எங்கே இருக்கிறது என்று அளந்து பார்க்க உட்கார்ந்தார். அதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின. அந்த எட்டு ஆண்டுகளின் பலனைத்தான் இன்றும் உலகம் அனுபவித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை விடைத்தாளில் சிவப்புக் கோடு விழுந்தால், ஏன் விழுந்தது என்று நீங்களும் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்களேன்!